ஓட்டுக் கேட்டு வருபவரிடம் பசியைப் பற்றிக் கேட்பது எப்படி? சென்னைவாசிகளுக்கு ஒரு முழு வழிகாட்டி

தேர்தல் நேரத்தில் வியாசர்பாடியில் எங்கள் தெருவுக்கு வந்தால் வீட்டுக்கு வீடு ஆரத்தித் தட்டு காத்திருக்கும். மஞ்சளும் சுண்ணாம்பும் கரைத்த நீர், நடுவில் வெற்றிலை, அதன்மேல் சூடம். வேட்பாளர் வண்டியை விட்டு இறங்குவார், தட்டில் நோட்டு விழும், வண்டி அடுத்த தெருவுக்குப் போய்விடும்.

அப்படியொரு மாலையில், கட்டட வேலைக்குப் போகும் அக்கா ஒருவர் ஆரத்தி சுற்றி முடித்ததும் தட்டை மகள் கையில் கொடுத்தார். இடுப்பில் செருகியிருந்த போனை எடுத்து, ரேஷன் கடை மெசேஜை வேட்பாளர் முகத்துக்கு நேரே காட்டினார். "சார், பருப்பு, பாமாயில் வாங்கிட்டேன்னு மூணு மாசமா மெசேஜ் வருது. நான் வாங்கவே இல்ல. நீங்க ஜெயிச்சா எத்தினி நாள்ல இதை சரி பண்ணுவீங்க?"

"வறுமையே இல்லாத தொகுதியா மாத்துவேம்மா" என்றார் அவர்.

"அது ஆவும்போது ஆவட்டும் சார். பருப்பு எப்போ?"

மேளம் நின்றுவிட்டது. வேட்பாளருடன் வந்தவர்களில் ஒருவர் கடை எண்ணைக் கேட்டுக் குறித்துக்கொண்டார். அதற்கு முன் எத்தனையோ தேர்தலில் நாங்கள் மனு கொடுத்திருக்கிறோம். "ஏழைகளுக்கு நல்லது செய்யுங்கள்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறோம். ஒருவரும் எதையும் குறித்துக்கொண்டதில்லை. அந்த அக்கா கேட்டதில் பொருளின் பெயர் இருந்தது, கணக்கு இருந்தது, நாள் இருந்தது. அதனால்தான் வேட்பாளரால் நழுவ முடியவில்லை. அப்படிக் கேட்பதற்கு என்னென்ன செய்ய வேண்டும் என்பதை, நாங்கள் பழகிய வரிசையிலேயே கீழே எழுதுகிறேன்.

இந்த ஊரில் பசி எப்போதும் தேர்தல் விஷயம்தான்

"சோத்தைப் பத்திப் பேசினா யார் காதுல விழும்?" என்று கேட்பவர்கள் உண்டு. இந்த ஊரின் வரலாறு தெரிந்தால் அப்படிக் கேட்க மாட்டார்கள். 1920இல் பிட்டி தியாகராயர் தலைமையில் இருந்த சென்னை மாநகராட்சி, ஆயிரம் விளக்கு மாநகராட்சிப் பள்ளியில் பிள்ளைகளுக்குச் சிற்றுண்டி கொடுக்க முடிவு செய்தது. ஒரு பிள்ளைக்கு ஒரு நாளைக்கு ஒரு அணாவுக்கு மேல் செலவாகக் கூடாது என்பது அன்றைய கணக்கு. 1956இல் காமராஜர் மதிய உணவைக் கொண்டுவந்தார். 1982இல் எம்.ஜி.ஆர். அதைச் சத்துணவுத் திட்டமாக விரித்தார். 2022இல் காலை உணவும் வந்தது. 1967 தேர்தலில் "ரூபாய்க்கு மூன்று படி லட்சியம், ஒரு படி நிச்சயம்" என்பது ஊரெல்லாம் ஒலித்தது. 2006இல் கிலோ 2 ரூபாய் அரிசி, 2008இல் 1 ரூபாய், 2011 ஜூனிலிருந்து விலையில்லா அரிசி. இவற்றில் பலவும் ஓட்டுப் பெட்டியோடு பிணைந்தே வந்தன. வேட்பாளர்களுக்கு இது நன்றாகத் தெரியும்.

ஆகவே "அரிசி கொடுங்கள்" என்று இன்று கேட்டால், "கொடுத்துக்கொண்டுதானே இருக்கிறோம்" என்பார்கள். அதுவும் உண்மைதான். இன்றைய சென்னையின் பசி அரிசிக்கு அப்பால் இருக்கிறது: தட்டில் பருப்பும் முட்டையும் பாலும் இல்லாமல் போவதில், கார்டே இல்லாதவர்களிடத்தில், பள்ளி மூடிக் கிடக்கும் மே மாதத்தில். 2019–21இல் நடந்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் நாலில் ஒன்று வயதுக்கேற்ற உயரம் இல்லை. பெண்களில் பாதிக்கும் மேல், 53 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. சோறு இருந்தும் சத்து இல்லாத பசி இது.

முதல் வேலை: பத்து வீட்டுக் கணக்கு

மேடை, பேனர், துண்டறிக்கை எதுவும் இப்போது வேண்டாம். ஒரு நாற்பது பக்க நோட்டோடு உங்கள் தெருவில் பத்து வீட்டுக்குப் போங்கள். ஒரு வாரம் ஆனாலும் பரவாயில்லை, இதில் மட்டும் அவசரப்படாதீர்கள். மற்ற எல்லா வேலையும் இந்த நோட்டின்மேல்தான் நிற்கப்போகிறது.

"பசியா இருக்கீங்களா?" என்று கேட்டுவிடாதீர்கள். யாரும் ஆமாம் என்று சொல்ல மாட்டார்கள், மானம் தடுக்கும். எங்கள் தெருவில் ஒரு ஆயா இருந்தார். கேட்ட போதெல்லாம் "இப்பதாம்மா சாப்ட்டேன்" என்பார். ஒரு நாள் அவர் வீட்டில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தபோது கண்ணில் பட்டது: அடுப்பு மேல் ஒரே ஒரு குண்டான், அதில் நீராகாரம், பக்கத்தில் ஒரு துண்டு ஊறுகாய். முந்தின நாள் சோற்றில் ஊற்றிய தண்ணீர். அன்றைக்கு மூன்று வேளைக்கும் அதுதான்.

அதனால் கேள்வியைச் சுற்றிவளைத்துக் கேளுங்கள். நேற்று ராத்திரி என்ன சமைத்தீர்கள்? கடைசியாக முட்டை வாங்கியது எப்போது? வீட்டில் கடைசியாகச் சாப்பிடுவது யார்? மாதத்தில் எந்தத் தேதிக்கு மேல் மளிகைக் கடையில் கடன் சொல்கிறீர்கள்? பள்ளி லீவு விட்டால் பிள்ளைகளுக்கு மதியம் என்ன? ரேஷனில் என்ன கிடைத்தது, என்ன கிடைக்கவில்லை, எத்தனை நடை நடந்தீர்கள்? பெரும்பாலான வீடுகளில் இருபதாம் தேதிக்கு மேல் குரல் இறங்கும். அந்தத் தேதியை நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள்.

பேரை எழுத வேண்டாம். வீட்டுக்கு ஒரு எண் போதும். யாருடைய வறுமையையும் வெளியே காட்ட அவர்களைக் கேட்காமல் நமக்கு உரிமை கிடையாது. படம் எடுப்பதும் கூடாது.

தெருவில் வீடே இல்லாமல் இருப்பவர்களை மறந்துவிடாதீர்கள். நடைபாதையில் படுப்பவர், கட்டட வேலைக்கு வடக்கிலிருந்து வந்து தகரக் கொட்டகையில் இருப்பவர், கணவனை விட்டு வந்து தாய்வீட்டில் கார்டில் பேர் இல்லாமல் இருக்கும் பெண் என்று இவர்களுக்குத்தான் கார்டு இருக்காது. வெளிமாநிலத்துக்காரர் தன் ஊர்க் கார்டை வைத்து இங்கேயே அரிசி வாங்கலாம். ஒரே நாடு ஒரே ரேஷன் திட்டத்தில் தமிழ்நாடு 2020 அக்டோபரில் சேர்ந்தது. அது அவருக்குத் தெரியுமா, கடையில் கொடுக்கிறார்களா என்று கேட்டு எழுதுங்கள்.

ரேஷன் கடை மெஷினில் கைரேகை விழாத விஷயம் தனியாக ஒரு பக்கம் எடுக்கும். பாத்திரம் தேய்த்தும் செங்கல் தூக்கியும் தேய்ந்துபோன விரல்களை மெஷின் ஏற்காது. "ஆயா, ரேகை விழல, நாளைக்கு வா" என்று அனுப்பிவிட்டால், அந்த நாளைக்கு அவர் வேலைக்குப் போக முடியாது. ஒரு நாள் கூலி போய்விடும். இப்படி உங்கள் தெருவில் எத்தனை பேர் என்று எண்ணுங்கள். வேட்பாளர் முன் வைக்கும்போது இந்த ஒரு எண் பத்து நிமிடப் பேச்சுக்குச் சமம்.

இரண்டாவது: சட்டத்தில் ஏற்கனவே இருப்பதைத் தெரிந்துகொள்ளுங்கள்

வேட்பாளரிடம் போய் தர்மம் கேட்பதாக யாரும் நினைக்க வேண்டாம். 2001இல் உச்ச நீதிமன்றத்தில் தொடங்கிய உணவு உரிமை வழக்கும், அதன் பிறகு 2013இல் வந்த தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டமும் உணவை உரிமையாக்கிவிட்டன. தமிழ்நாடு 2016 நவம்பர் முதல் அந்தச் சட்டத்தை நடைமுறைப்படுத்துகிறது. எல்லோருக்குமான ரேஷனையும் விடவில்லை. முன்னுரிமைக் குடும்பத்துக்குத் தலைக்கு மாதம் 5 கிலோ தானியம், மிக ஏழைக் குடும்பங்களுக்கான அந்தியோதயா கார்டுக்கு மாதம் 35 கிலோ. இதற்கு மேல் மாநிலம் தன் காசில் துவரம்பருப்பைக் கிலோ 30 ரூபாய்க்கும் பாமாயிலை லிட்டர் 25 ரூபாய்க்கும் தருகிறது.

சட்டப்படி மாவட்டத்துக்கு ஒரு குறைதீர் அலுவலர் இருக்க வேண்டும், மாநிலத்துக்கு ஒரு உணவு ஆணையம் இருக்க வேண்டும், ரேஷன் கடைகளைச் சமூகத் தணிக்கை, அதாவது மக்களையும் சேர்த்துக் கணக்குச் சரிபார்ப்பு, செய்ய வேண்டும். "எங்க கடையில கடைசியா எப்ப சார் தணிக்கை நடந்துச்சு?" என்று கேட்டுப் பாருங்கள். பதில் வராவிட்டாலும் கேள்வி பதிந்துவிடும்.

தேர்தலுக்கு இன்னும் சில மாதம் இருக்கிறதென்றால் தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு போட்டுவிடுங்கள். 10 ரூபாய்க்கு நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டினால் போதும், 30 நாளில் பதில் தர வேண்டும். நம் கடைக்கு ஆறு மாதமாக எவ்வளவு பருப்பு ஒதுக்கப்பட்டது, எவ்வளவு வந்து சேர்ந்தது, எத்தனை கார்டு என்று மூன்றே கேள்வி. நீட்டி எழுதினால் பதிலும் நீண்டு, ஒன்றும் விளங்காது.

மூன்றாவது: யாரிடம் எதைக் கேட்பது

இதில்தான் பலரும் சறுக்குகிறோம். எம்.பி. வேட்பாளரிடம் அம்மா உணவகத்தில் குழாய் உடைந்ததைச் சொல்வோம். கவுன்சிலர் வேட்பாளரிடம் முதியோர் பென்ஷனை உயர்த்தச் சொல்வோம். இருவருமே "பார்க்கலாம்" என்று சொல்லிவிட்டு நகர்வதற்கு அது வசதியாகிவிடும்.

மாநகராட்சித் தேர்தல் என்றால் 200 வார்டுகள். அம்மா உணவகங்கள், மாநகராட்சிப் பள்ளிகள், வீடற்றோர் காப்பகங்கள் எல்லாம் மாநகராட்சியின் கையில் இருக்கின்றன. 2013 பிப்ரவரியில் அம்மா உணவகம் தொடங்கியபோது இட்லி 1 ரூபாய், சாம்பார் சாதம் 5 ரூபாய், தயிர் சாதம் 3 ரூபாய். மூட்டை தூக்குபவருக்கும் ஆஸ்பத்திரி வாசலில் காத்திருப்பவருக்கும் அது எவ்வளவு பெரிய ஆறுதல் என்று அங்கே நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும். உங்கள் வார்டு உணவகம் ராத்திரி திறந்திருக்கிறதா, சப்பாத்தி மெஷின் ஓடுகிறதா, கிரைண்டர் ஓடுகிறதா என்று நீங்களே போய்ச் சாப்பிட்டுப் பாருங்கள். பிறகு கேளுங்கள். நம் நகரில் கடைசி மாநகராட்சித் தேர்தல் 2022 பிப்ரவரியில் நடந்தது. அதற்கு முன் 2016 அக்டோபரிலிருந்து கவுன்சிலரே இல்லாமல் ஐந்து ஆண்டுக்கு மேல் கிடந்தோம். வார்டு மக்கள் கூடிப் பேசும் பகுதி சபையைக் கூட்டுகிறீர்களா என்பதும் கவுன்சிலரிடம் கேட்க வேண்டிய கேள்விதான். தேர்தல் இல்லாத நாளில் நமக்குப் பேச அதுவே இடம்.

சட்டமன்ற வேட்பாளர் என்றால் ரேஷன், அங்கன்வாடி, சத்துணவு, காலை உணவு, பென்ஷன் எல்லாமே மாநிலத்தின் பொறுப்பு. காலை உணவு ஐந்தாம் வகுப்போடு நின்றுவிடுகிறது. ஆறாம் வகுப்புக்குப் போன பிள்ளைக்குப் பசி நின்றுவிடுமா? இது நேரடியான, நியாயமான கேள்வி. கோடை விடுமுறையில் பள்ளிச் சமையலறை பூட்டிக் கிடப்பதைப் பற்றியும் கேளுங்கள். கிராமத்தில் நூறு நாள் வேலை இருந்ததுபோல் நகரத்துக்கு என்று 2022இல் நகர்ப்புற வேலைவாய்ப்புத் திட்டம் சோதனை முறையில் தொடங்கப்பட்டது. அது உங்கள் பகுதிக்கு வந்ததா என்று கேளுங்கள்.

எம்.பி. வேட்பாளரிடம் இரண்டே கேள்வி போதும். முதியோர் பென்ஷனில் 60 முதல் 79 வயது வரை ஒன்றிய அரசின் பங்கு இன்னும் மாதம் 200 ரூபாய்தான், 2007இலும் இதேதான். மாநிலம் தன் பங்கைப் போட்டு 2023இல் அதை 1,200 ரூபாய் ஆக்கியது. அந்த 200 எப்போது உயரும்? இரண்டாவது, உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் ஒதுக்கீடு 2011 மக்கள்தொகைக் கணக்கை வைத்தே போடப்படுகிறது. அதற்குப் பிறகு பிறந்த பிள்ளைகளின் பங்கை நாடாளுமன்றத்தில் கேட்பீர்களா?

காசிமேட்டுக்காரர்களுக்கு ஒரு தனி வார்த்தை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். சட்டமன்ற, நாடாளுமன்றத் தேர்தல்களும் பெரும்பாலும் அதே வெயிலில்தான் வருகின்றன. விசைப்படகுகள் கயிறு கட்டி நிற்கும்போது, கையில் காசில்லாத நேரத்தில், வேட்பாளர் துறைமுகத்துக்கு வருகிறார். தடைக்கால நிவாரணம் 5,000 ரூபாயிலிருந்து 8,000 ஆக உயர்ந்தது; அது தடை தொடங்கிய வாரத்திலேயே கைக்கு வருமா என்று அங்கேயே, அந்தப் படகுகளின் பக்கத்திலேயே நிறுத்திக் கேளுங்கள். ஐஸ் உடைப்பவர்களும் கூடை சுமக்கும் பெண்களும் அந்தப் பட்டியலில் இருக்கிறார்களா என்பதையும் சேர்த்துக் கேளுங்கள்.

நான்காவது: உங்கள் ஓட்டு எந்த ஊரில் இருக்கிறது?

கூவக்கரையிலிருந்தும் அடையாற்றங்கரையிலிருந்தும் கண்ணகி நகருக்கும் செம்மஞ்சேரிக்கும் பெரும்பாக்கத்துக்கும் அனுப்பப்பட்ட குடும்பங்களில் பலருக்கு ஓட்டு ஓரிடத்திலும் வயிறு ஓரிடத்திலும் இருக்கிறது. குடியிருப்பது சோழிங்கநல்லூர் தொகுதி. வாக்காளர் பட்டியலில் பேர் இருப்பது எழும்பூரிலோ சைதாப்பேட்டையிலோ. புதுத் தொகுதி வேட்பாளர் "இவங்க நம்ம ஓட்டு இல்ல" என்று தாண்டிப் போவார். பழைய தொகுதிக்காரரோ "அவங்கதான் போயிட்டாங்களே" என்பார். முகவரி மாற்றத்துக்குப் படிவம் 8, புதிதாகச் சேர படிவம் 6. தேர்தல் தேதி அறிவித்த பிறகு ஓடினால் நேரம் போதாது. உதவி எண் 1950.

ஐந்தாவது: கேள்வியை எழுதுவது

நோட்டில் இருப்பதை எல்லாம் கேட்க ஆசையாகத்தான் இருக்கும். மூன்றுக்கு மேல் வேண்டாம். எங்கள் முதல் முயற்சியில் பதினேழு கோரிக்கை எழுதினோம். வேட்பாளர் அதில் கொசு மருந்தை மட்டும் பிடித்துக்கொண்டு கால் மணி நேரம் பேசிவிட்டுப் போய்விட்டார்.

ஒவ்வொரு கேள்வியிலும் இடம், அளவு, நாள் மூன்றும் இருக்க வேண்டும். "ரேஷன் கடையைச் சீர்படுத்துவீர்களா?" என்று கேட்டால் ஆமாம் என்று சொல்லிவிட்டுப் போவது சுலபம். "எங்கள் தெருவில் ரேகை விழாத 14 பேருக்கு, நீங்கள் பதவியேற்ற 60 நாளுக்குள், கண் கருவிழி பதிவோ மாற்று ஏற்பாடோ செய்து தர நடவடிக்கை எடுப்பீர்களா?" என்றால் ஆம் அல்லது இல்லை என்றுதான் சொல்ல முடியும். காசு எங்கிருந்து என்று அவர் திருப்பிக் கேட்டால் அதற்கும் பதில் வைத்திருங்கள். ஒவ்வொரு எம்.எல்.ஏ.வுக்கும் தொகுதி மேம்பாட்டு நிதி இருக்கிறது. ரேஷன் கடைக்குக் கட்டடம், அங்கன்வாடிக்குச் சமையலறை போன்றவை அதற்குள் அடங்கும்.

எல்லாக் கட்சிக்கும் ஒரே கேள்வி, ஒரே தாள். ஒருவருக்கு மென்மையாகவும் இன்னொருவருக்குக் கடுமையாகவும் எழுதினால், உங்களை எதிர்க்கட்சிக்காரர் என்று முத்திரை குத்திவிடுவார்கள். அதன் பிறகு நோட்டு முழுக்க உண்மை இருந்தாலும் எடுபடாது.

ஆறாவது: எப்போது, எங்கே

முதல் வாய்ப்பு தேர்தல் அறிக்கைக் குழுக்கள். பெரிய கட்சிகள் தேர்தலுக்கு முன் குழு அமைத்து, ஊர் ஊராகப் போய்க் கருத்துக் கேட்கின்றன. அங்கே உங்கள் மூன்று கேள்வியையும் கோரிக்கையாக மாற்றிக் கொடுத்து, கொடுத்ததற்கு ஒப்புகை வாங்குங்கள். வேட்புமனுத் திரும்பப் பெறும் நாள் முடிந்து வாக்குப்பதிவு வரை குறைந்தது 14 நாள் இருக்கும். அந்த இரண்டு வாரம்தான் வேட்பாளர் உங்கள் தெருவைத் தேடி வரும் நாட்கள். அவருடைய சுற்றுப்பயண வரிசை அவர் கட்சியின் உள்ளூர் வட்டச் செயலாளரிடம் இருக்கும். முந்தைய நாளே கேட்டுவிடுங்கள்.

கேள்வியைக் கேட்பவர் பசித்தவராகவே இருக்க வேண்டும். நன்றாகப் பேசத் தெரிந்த ஒருவரை முன்னால் நிறுத்தாதீர்கள். ரேகை விழாத ஆயாதான் விரலை நீட்டிக் கேட்க வேண்டும். முந்தைய நாள் சாயங்காலம் இரண்டு முறை வீட்டில் சொல்லிப் பார்க்க வையுங்கள். கூச்சம் போய்விடும். கேட்கும்போது பக்கத்தில் ஒருவர் நின்றால் போதும். வேட்பாளரை மரியாதையாகத்தான் பேச வேண்டும், கூச்சல் கூடாது. அவர் பதில் சொல்லும்போது போனில் பதிவு செய்யுங்கள், பதிவு செய்கிறோம் என்று சொல்லிவிட்டே செய்யுங்கள். பிறகு கேள்வித் தாளை நீட்டிக் கையெழுத்துக் கேளுங்கள். போட மறுத்தால் வற்புறுத்த வேண்டாம். அன்றைய தேதியோடு "கையெழுத்திடவில்லை" என்று எழுதிக்கொள்ளுங்கள்.

சட்டத்தில் மாட்டாமல் இருக்க

பொதுத் திட்டத்தைக் கேட்பது குற்றம் இல்லை. ஓட்டுக்குப் பணமோ பரிசோ வாங்குவது குற்றம்; ஆரத்தித் தட்டில் விழும் நோட்டும் அதில் சேரும். அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டுக் கேள்வி கேட்டால் உங்கள் வார்த்தைக்கு இருக்கும் கனமே வேறு. தேர்தல் அறிக்கை வாக்குறுதிகள் முறைகேடு ஆகாது என்று 2013இல் உச்ச நீதிமன்றம் தமிழ்நாட்டு வழக்கொன்றில் சொன்னது. அந்தத் தீர்ப்பை மறுபடி பார்க்க 2022இல் பெரிய அமர்வுக்கு அனுப்பியிருக்கிறார்கள். 2013 தீர்ப்பைத் தொடர்ந்து தேர்தல் ஆணையம் வகுத்த நெறிமுறைப்படி, வாக்குறுதிக்கு நிதி எப்படி வரும் என்று கட்சிகள் சொல்ல வேண்டும். இது நமக்குச் சாதகமான விதி, பயன்படுத்துங்கள்.

துண்டறிக்கை அச்சடித்தால் அச்சிட்டவர், வெளியிட்டவர் பெயரும் முகவரியும் அதில் இருக்க வேண்டும். கூட்டம் போட்டால் காவல் நிலையத்திலும் தேர்தல் நடத்தும் அலுவலர் அலுவலகத்திலும் அனுமதி கேளுங்கள். கோயில், தேவாலயம், மசூதி வளாகத்தில் வேண்டாம். வாக்குப்பதிவுக்கு முந்தைய 48 மணி நேரம் எல்லாவற்றையும் நிறுத்திவிடுங்கள்.

கடைசி வேலை: ஜெயித்தவர் வீட்டு வாசல்

வாக்கு எண்ணிய மறுவாரம், வெற்றி ஊர்வலத்துப் பட்டாசுக் குப்பை பெருக்கப்படும் முன்பே, கையெழுத்துத் தாளின் நகலோடு போய் வாழ்த்துச் சொல்லிவிட்டு வாருங்கள். அப்போது எதையும் வலியுறுத்த வேண்டாம். தாள் நம்மிடம் இருக்கிறது என்பது அவருக்குத் தெரிந்தால் போதும். தோற்றவரையும் ஒருமுறை பாருங்கள். அடுத்த தேர்தலில் நிற்கப்போகிறவர் அவராகவும் இருக்கலாம், எதிர்க்கட்சியாக மன்றத்தில் கேள்வி எழுப்பவும் அவருடைய கட்சியால் முடியும்.

சொன்ன நாள் வந்ததும் அதே பத்து வீட்டுக்கு மறுபடி நோட்டோடு போங்கள். அதே கேள்விகளை அதே வரிசையில் கேளுங்கள். இடைப்பட்ட நாளில் ரேஷன் குறைகளை 1967 என்ற எண்ணில் புகாராகப் பதிந்து, புகார் எண்ணை நோட்டில் ஏற்றிக்கொண்டே வாருங்கள். எங்கள் தெருவில் அந்த அக்காவுக்குப் பருப்பு இரண்டாவது மாதம் கிடைத்தது. பொய் மெசேஜ் வருவதும் நின்றது. ரேகை விழாத 14 பேரில் ஒன்பது பேருக்கு வழி பிறந்தது. மீதி ஐந்து பேரின் வீட்டு எண்களைப் புது நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறோம்.